துண்டும் தூதும்

ஊவா மாகாணத்தின் சரித்திரத்தில் 1869 ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமை மலைச்சரிவுகளில் அக்காலத்தில் கோப்பி செழித்திருந்தது. அவ்வாண்டில் அங்கே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி என்னும் அறிஞர் அது முன்னர் அறியப்படாத ஒரு பூஞ்சணம் எனக் கண்டு, அழிப்பவள் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை அதன் பெயரோடு சேர்த்தார். பெயர் பொய்க்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டின் கோப்பிப் பயிர் ஏறக்குறைய முற்றாக அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

அதே 1869 ஆம் ஆண்டில், ஜெர்மனியின் தியூபிங்கன் நகரத்தில், பழைய கோட்டை ஒன்றின் சமையலறையாயிருந்த ஆய்வுகூடத்தில், பிரெடரிக் மீஷர் என்னும் சுவிற்சர்லாந்து இளைஞர் விசித்திரமான ஒரு வேலையில் ஈடுபட்டிருந்தார். சத்திர வைத்தியசாலையிற் கழித்து எறியப்பட்ட காயத் துணிகளைச் சேகரித்து, அவற்றில் ஊறியிருந்த சீழிலிருந்து வெண்குருதிக் கலங்களைப் பிரித்தெடுத்தார். அக்கலங்களின் நடுவேயுள்ள கருவிலிருந்து, புரதமும் அல்லாத, கொழுப்பும் அல்லாத ஒரு புதிய பொருள் கிடைத்தது. அதற்கு அவர் நியூக்கிளீன் எனப் பெயரிட்டார். இக்காலத்தில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என வழங்கும் கருவமிலங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் நிகழ்ச்சி ஊவாவின் மலைகளிற் பயிரை மாற்றியது. இரண்டாவது நிகழ்ச்சியை அன்று ஊவாவில் ஒருவரும் அறிந்திருக்க முடியாது. ஆயினும் அதன் பயன் 152 ஆண்டுகள் கழித்து, 2021 ஆம் ஆண்டில், இலங்கையின் வைத்தியசாலைகளுக்கு ஓர் ஊசிமருந்தாக வந்து சேர்ந்தது. அவ்வூசியினுள் இருந்தது கிருமியுமன்று, கிருமியின் நஞ்சுமன்று, ஒரு செய்தி. அதனைத் தூது ஆர்.என்.ஏ. என்பர். அத்தூது யாது, அது எவ்வாறு கண்டறியப்பட்டது, அதனைத் தோட்டத்து மக்கள் அறிந்துகொள்வது ஏன் அவசியம் என்பனவே இங்கு ஆராயப்படுவன.

தோட்டத்து வாழ்க்கையிலிருந்தே ஓர் உவமை எடுத்துக்கொள்ளலாம். பழைய தோட்ட நிருவாகத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளர் கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவர்கள் பேரிலுள்ள கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கலாம் என்று துரை ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அதைக் கையிற் கொண்டு கங்காணி தோட்டந் தோட்டமாகச் செல்வார். பேரேடு கந்தோரிலேயே இருக்கும். அதிலிருந்து எழுதிய துண்டு மாத்திரம் வெளியே பயணம் செய்யும். அந்தச் சிறு காகிதம் போய்ச் சேரும் இடத்தில் பணம் கைமாறும், குடும்பங்கள் மலை கடந்து குடிபெயரும். 1921 ஆம் ஆண்டில் இம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

ஏடு உள்ளே, துண்டு வெளியே என்னும் இந்த ஒழுங்கு மனித உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்திலும் உண்டு. கலத்தின் கரு ஒரு கந்தோர் போன்றது. டி.என்.ஏ. அங்கே பாதுகாக்கப்படும் பேரேடு. மனிதனின் பேரேடு நான்கே நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள். ஏறத்தாழ 20,000 புரதங்களை ஆக்குவதற்கான விதிகள் அதில் அடங்கியுள்ளன. ஆனால், புரதங்கள் ஆக்கப்படும் இடம் கரு அன்று. கருவுக்கு வெளியேயுள்ள குழியவுருவில், இறைபோசோம் எனப்படும் நுண்ணிய பட்டடைகளிலேயே அவை ஆக்கப்படுகின்றன. விதி ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலும் இருக்குமானால் இரண்டுக்குமிடையே சென்றுவர யாரோ ஒருவர் வேண்டுமல்லவா? இந்த எளிய வினாவுக்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் பிடித்தது.

1940 ஆம் ஆண்டையொட்டி, பெல்ஜியத்தில் பிராசே என்பவரும் சுவீடனில் காஸ்பர்சன் என்பவரும் ஓர் உண்மையைக் கவனித்தனர். புரதத்தை மிகுதியாக ஆக்கும் கலங்களில் ஆர்.என்.ஏ.யும் மிகுதியாக இருந்தது. 1953 ஆம் ஆண்டில் வாற்சன், கிரிக் என்னும் இருவர், ரோசலின்ட் பிராங்கிளின் எடுத்த ஊடுகதிர்ப் படங்களின் துணையோடு, டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தை வெளியிட்டனர். பேரேட்டின் அமைப்பு விளங்கிவிட்டது. அதன் செய்தி வெளியே போகும் வழி மாத்திரம் விளங்கவில்லை. இறைபோசோமிலும் ஆர்.என்.ஏ. உண்டு, எனவே ஒவ்வொரு இறைபோசோமும் தனக்குரிய ஒரே விதியைத் தன்னுள்ளேயே நிரந்தரமாக வைத்திருக்கிறது என்று அறிஞர் பலர் எண்ணினர்.

அவ்வெண்ணத்தை அசைத்தது பாரிஸ் நகரத்துப் பரிசோதனை ஒன்று. பார்டி, ஜாக்கோப், மொனோ ஆகிய மூவரும் 1959 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். குறிப்பிட்ட ஒரு பரம்பரை அலகு இல்லாத பற்றீரியாவுக்குள் அவ்வலகைப் புகுத்தியபோது, சில நிமிடங்களிலேயே அதற்குரிய புரதம் முழுவேகத்துடன் உண்டாகத் தொடங்கியது. புதிய இறைபோசோம்கள் திரளுவதற்கு அவகாசமே இல்லை. அவ்வாறாயின், பழைய பட்டடையே புதிய கட்டளையை ஏற்றிருக்க வேண்டும்.

1960 ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமையன்று, கேம்பிரிட்ஜ் நகரில் சிட்னி பிரென்னரின் அறையில் ஒரு சிறு கூட்டம் கூடியது. ஜாக்கோப் பாரிஸ் பரிசோதனையை விவரிக்க, பிரென்னருக்கும் கிரிக்குக்கும் ஒரே நேரத்தில் உண்மை புலனாயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வொல்கின், அஸ்திரகான் என்னும் இருவர், வைரசு தாக்கிய பற்றீரியாவில் விரைவில் தோன்றி விரைவில் மறையும் ஓர் ஆர்.என்.ஏ.யைக் கண்டிருந்தனர். அதன் எழுத்து விகிதம் வைரசின் டி.என்.ஏ.யை ஒத்திருந்தது. அதுவே தேடப்பட்ட தூதுவன்!

ஊகம் உறுதியாவதற்குச் சான்று வேண்டும். அவ்வாண்டுக் கோடையில் பிரென்னரும் ஜாக்கோப்பும் கலிபோர்னியாவுக்குச் சென்று மெசல்சன் என்பவரின் ஆய்வுகூடத்திற் பணி தொடங்கினர். பற்றீரியாவின் பழைய இறைபோசோம்களை அடையாளங் காணும்பொருட்டு, கனமான அணுக்கள் கொண்ட உணவை முதலில் ஊட்டினர். பின்னர் இலேசான உணவுக்கு மாற்றி வைரசினாற் தாக்கச் செய்தனர். ஆனால், இறைபோசோம்கள் பரிசோதனையின் நடுவே சிதைந்து போயின. தோல்வியோடு திரும்ப நேருமோ என்றிருந்த வேளையில், அவற்றைக் குலையாமற் பிணைத்து வைப்பது மகனீசியம் என்பது பிரென்னரின் நினைவுக்கு வந்தது. கரைசலில் மகனீசியத்தைக் கூட்டியதும் விடை தெளிவாகக் கிடைத்தது. புதிய ஆர்.என்.ஏ. பழைய, கனமான இறைபோசோம்களோடு ஒட்டியிருந்தது. பட்டடை பழையது, வந்த துண்டு புதியது. 1961 ஆம் ஆண்டு மே மாதத்தில், வாற்சனின் குழுவினர் தனியே கண்ட முடிவோடு, இது நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்தது.

இத்தூது செயற்படும் முறையைச் சுருக்கமாகக் கூறலாம். தேவை ஏற்படும்போது பேரேட்டின் உரிய பக்கம் மாத்திரம் திறக்கப்படுகிறது. ஒரு நொதியம் அப்பக்கத்தை எழுத்துக்கு எழுத்துப் படியெடுக்கிறது. தைமீன் என்னும் எழுத்து வரவேண்டிய இடங்களில் யுராசில் எழுதப்படும் என்பதே எழுத்தளவில் உள்ள வேறுபாடு. இவ்வாறு பிறந்த துண்டு செப்பனிடப்பட்டுக் கருவின் துளைகள் வழியாக வெளியேறுகிறது. இறைபோசோம் அதனைப் பற்றிக்கொண்டு மும்மூன்று எழுத்துக்களாக வாசிக்கிறது. மூன்று எழுத்து ஒரு சொல்; ஒரு சொல்லுக்கு ஓர் அமினோவமிலம். சொல் வந்த வரிசையில் அமினோவமிலங்கள் கோக்கப்பட, மாலைபோல் ஒரு புரதம் உருவாகிறது. நிறுத்துக என்று பொருள்படும் சொல் வந்ததும் வேலை முடிகிறது.

இச்சொற்களின் பொருளை அறிய உதவியவர்களுள் இந்த உபகண்டத்தைச் சேர்ந்தவர்களும் உளர் என்பது பெருமைக்குரியது. யுராசில் எழுத்தை மாத்திரம் கொண்ட துண்டு ஒன்றைப் பரிசோதனைக் குழாயிலிட்டு முதற் சொல்லின் பொருளை 1961 ஆம் ஆண்டிற் கண்டவர்கள் நீரன்பேர்க்கும் மத்தாயும். ஏனைய சொற்களைத் தெளிவாக்குவதிற் பெரும்பங்கு கொண்டவர், பிரிவினைக்கு முந்திய பஞ்சாபின் ஒரு சிற்றூரிற் பிறந்த ஹர் கோபிந்த் கொரானா. 1968 ஆம் ஆண்டு நொபெல் பரிசு நீரன்பேர்க், ஹோலி ஆகியோரோடு அவருக்கும் கிடைத்தது. துண்டை வாசிக்கும் இறைபோசோமின் அமைப்பை அணுவணுவாக வரைந்து காட்டியமைக்காக 2009 ஆம் ஆண்டு நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். அவர் தில்லைச் சிதம்பரத்திற் பிறந்தவர்.

தூது ஆர்.என்.ஏ.யின் சிறப்பு அதன் குறுகிய ஆயுளில் இருக்கிறது. பற்றீரியாவில் அது சில நிமிடங்களே வாழும். மனிதக் கலத்திற் பெரும்பாலும் சில மணி நேரம் வாழும். சில துண்டுகள் நாட்கணக்கில் நிலைப்பதும் உண்டு. வேலை முடிந்ததும் கலமே அதைக் கிழித்து, எழுத்துக்களை வேறு துண்டுக்குப் பயன்படுத்துகிறது. நேற்றைய கட்டளை இன்றும் நடந்துகொண்டிருந்தால் கலம் காலத்துக்கேற்ப வாழ முடியாது. ஆகவே, அழிவது அதன் குறையன்று, அதன் கடமை.

ஊவாத் தேயிலையே இதற்குச் சான்று. ஆடி, ஆவணி மாதங்களிற் கச்சான் காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளிற் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவின் மலைகளுக்கு இறங்குகிறது. நீர் குன்றிய கொழுந்தின் கலங்களில் அதுவரை எழுதப்பட்ட துண்டுகள் சில நின்று, வேறு துண்டுகள் எழுதப்படுகின்றன. துண்டு மாறினால் நொதியங்கள் மாறும். நொதியங்கள் மாறினால் இலையின் இரசாயனம் மாறும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனிமதிப்புத் தரும் அந்தக் குளிர்ந்த நறுமணத்துக்குக் காரணமான பொருள்களுள் மெதயில் சலிசிலேற்று ஒன்று. அதனை ஆக்குவதும் ஒரு நொதியமே. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையிற் காற்றின் வறட்சியாகப் படுவது, கொழுந்தின் கலத்தில் ஒரு புதிய செய்தியாகப் பதிகிறது.

துண்டிற் பிழை நேர்ந்தால் விளைவு கொடிது. கருவில் முதலில் எழுதப்படும் படியிலே வேண்டாத பகுதிகள் இடையிடையே இருக்கும். அவை வெட்டி நீக்கப்பட்டு, வேண்டிய பகுதிகள் ஒட்டப்படுகின்றன. 1977 ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது. இலங்கையிற் காணப்படும் தலசீமியா என்னும் பரம்பரைக் குருதி நோய்க்கு மிகப் பொதுவான காரணம், பேரேட்டில் வெட்டுமிடத்தை அடுத்து ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதாகும். அதனால் துண்டு தவறான இடத்தில் வெட்டப்படுகிறது. செம்மையான துண்டுகள் அருகுவதால் குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபின் போதிய அளவு உண்டாவதில்லை. இப்பிழையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தை மாதந்தோறும் பிறர் குருதி ஏற்று வாழ நேர்கிறது. இந்நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் நோயின்றியே இக்குறையைச் சுமக்கின்றனர். திருமணத்துக்கு முன் இருபாலாரும் ஓர் எளிய குருதிச் சோதனை செய்துகொண்டால், பிறக்கவிருக்கும் குழந்தையின் துன்பத்தை முன்னரே அறிந்து ஆவன செய்யலாம். சாதகப் பொருத்தம் பார்க்கும் சமூகத்துக்கு இது பெரிய காரியமன்று.

இனி ஊசியின் சரித்திரத்துக்கு வருவோம். 1796 ஆம் ஆண்டில் ஜென்னர் கண்ட அம்மை குத்தும் முறை 1802 ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்து, அதே ஆண்டில் இலங்கையையும் எட்டியது. தோட்டத் தொழிலாளருக்கும் ஊசிக்குமுள்ள தொடர்பு அதன் பின் நெடுங்காலம் நீடித்தது. ஆதியில் மன்னார்க் கரையிறங்கி, வடபாதையிற் காடு வழியே மாத்தளைக்கு நடந்த மக்களுட் பலர் வாந்திபேதியால் மாண்டனர். 1914 ஆம் ஆண்டிற் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பற் சேவையும் தொடங்கிய பின், கடலைக் கடக்குமுன் மண்டபம் முகாமிற் சிலநாள் தங்குவது அவர்களுக்கு விதியாயிற்று. அங்கே உடைகள் அவிக்கப்பட்டன, அம்மை குத்தப்பட்டது, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. இவற்றால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. 1980 ஆம் ஆண்டில் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் வரிசையிற் கை நீட்டி நின்ற அந்த மக்களுக்கு, கைக்குள் ஏற்றப்படுவது என்ன என்று எடுத்துரைப்பது அம்முகாமின் நோக்கங்களுள் ஒன்றாக இருக்கவில்லை. தொழிலாளர் சுகமாக இருக்கவேண்டும் என்பதே கணக்கு.

அம்மைப்பால் உயிருள்ள ஒரு வைரசு. பின்னர் வந்த தடுப்பு மருந்துகள் பல, கொன்ற கிருமியையோ அதன் ஒரு கூற்றையோ கொண்டவை. கிருமிக்குப் பதிலாக ஒரு துண்டை மாத்திரம் அனுப்பினால் உடலே உரிய புரதத்தைச் செய்துகொள்ளாதா என்னும் எண்ணம், 1990 ஆம் ஆண்டில் எலியின் தசையிற் செய்த பரிசோதனையால் வலுப்பெற்றது. ஆனால், வெளியிலிருந்து வந்த துண்டை உடல் பகையெனக் கருதி அழற்சியுற்றது. ஹங்கேரியில் ஓர் இறைச்சி வியாபாரியின் மகளாகப் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய கற்றலின் கரிக்கோவும், அவரோடு பணியாற்றிய துரூ வைஸ்மனும், துண்டில் யூரிடின் என்னும் கூற்றைச் சற்றே மாற்றினால் அவ்வழற்சி தணிகிறது என்பதை 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அன்று அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. 2023 ஆம் ஆண்டில் அதற்கே நொபெல் பரிசு கிடைத்தது.

2020 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திற் கொரோனா வைரசின் எழுத்து வரிசை வெளியானது. அவ்வாண்டு டிசம்பரிலேயே தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி பொதுமக்களுக்கு ஏற்றப்பட்டது. அதிலுள்ள துண்டு ஏறத்தாழ 4,300 எழுத்து நீளமானது. 1,273 அமினோவமிலங்கள் கொண்ட வைரசின் முள்முனைப் புரதம் ஒன்றையே அது விதிக்கிறது. மெல்லிய கொழுப்பு உறையொன்று அதனைக் கலத்தினுட் கொண்டுசேர்க்கிறது. இலங்கையிற் பெரும்பாலோர் முதலிரு தடவையும் பெற்றது கொன்ற வைரசினாலான சீன மருந்து. 2021 ஆம் ஆண்டு ஜூலையில் பைசர் மருந்து இந்நாட்டை வந்தடைந்து, அவ்வாண்டின் இறுதியில் மூன்றாந் தடவை ஊசியாக நாடெங்கும் வழங்கப்பட்டது.

அதனோடு அச்சமும் பரவியது. பரம்பரையை மாற்றிவிடும், பிறக்கும் பிள்ளையை மாற்றிவிடும் என்னும் பேச்சு உலகின் பல நாடுகளில் எழுந்தது. இலங்கையும் அதற்கு விலக்கன்று. அவ்வாறு அஞ்சியவர்களை எள்ளி நகையாடுவது தகாது. நூறாண்டாக விளக்கமின்றிக் கை நீட்டியவர்களின் வழித்தோன்றல்கள் விளக்கம் கேட்பது நியாயமே. விடையும் எளிது. அத்துண்டு குழியவுருவில் வாசிக்கப்படுகிறது; பேரேடு இருக்கும் கருவுக்குள் அது செல்வதில்லை. கந்தோருக்கு வெளியே வாசித்த துண்டு கந்தோருக்குள் இருக்கும் ஏட்டைத் திருத்திவிடாது. கலம் தன் துண்டுகளைக் கிழிப்பது போலவே இதனையும் கிழித்துவிடுகிறது. எஞ்சுவது உடல் கற்றுக்கொண்ட பாடம் மாத்திரமே. மருந்துக்குக் குறைகளும் உண்டு. தொற்றை முற்றாகத் தடுக்க அதனால் இயலவில்லை. கடும் நோயையும் மரணத்தையுமே அது பெரிதும் குறைத்தது. அரிதாக, சிறப்பாக இளம் ஆண்களிடத்தில், இதயத்தசை அழற்சி கண்டதும் உண்மை. நன்மையையும் தீமையையும் ஒருங்கே எடுத்துக் கூறுவதே நம்பிக்கைக்கு வழி.

1921 ஆம் ஆண்டில் ஒழிந்த துண்டை அக்காலத் தொழிலாளருட் பெரும்பாலோர் வாசிக்க அறிந்திருக்கவில்லை. தம் பேரில் எழுதப்பட்ட கடன் எவ்வளவு, தாம் எங்கே போகிறோம் என்பதைக் கங்காணி சொல்லியே அவர்கள் அறிந்தனர். வாசிக்கத் தெரியாத துண்டு மனிதனைக் கட்டிவைக்கும். இன்று பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கின்றனர். பதுளையிலேயே 2005 ஆம் ஆண்டு முதல் ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. கலத்தின் துண்டை வாசிக்க அறிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தாற் போதும். ஊசி போடுமுன் அதனுள் இருப்பது என்ன என்று தாய் கேட்கும்போது, அந்தப் பிள்ளை தமிழிலேயே விடை சொல்லும். ஆசிரியர்களும் வைத்தியர்களும் அவ்விடை அப்பிள்ளையின் நாவில் இருக்குமாறு செய்வது, மண்டபத்தில் நின்ற முன்னோர்க்குச் செலுத்தாது விட்ட கடனை இப்போதேனும் செலுத்துவதாகும்.